பழைய எம்16ஏ1-ஐ பேட்ரோல் ரைஃபிளா மாத்தியிருக்காங்க: ரேஞ்சுல கையில எடுத்துப் பார்த்த ரிவ்யூ

நான் இருக்கிறது ஓஹையோல ஒரு சின்ன ஊர். இங்க போலீஸ் பொதுமக்களுக்கு சிட்டிசன் போலீஸ் அகாடமினு ஒரு வகுப்பு நடத்துறாங்க, வாரத்துல ஒரு சாயங்காலம், கடைசியில ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அங்க கையில குடுத்தது வியட்நாம் போர் காலத்து எம்16ஏ1, அமெரிக்க ராணுவ ரைஃபிள். ராணுவம் போதும்னு ஒதுக்கினதை 1033 திட்டத்துல (ராணுவத்துல மிஞ்சின சாமானை போலீசுக்குக் குடுக்கிற அரசுத் திட்டம்) வாங்கி, ரோந்து கார்ல வைக்கிற மாதிரி மாத்தியிருக்காங்க.

போலீசுக்கு எதுக்கு ரைஃபிள்னு நானும் முதல்ல நினைச்சேன். 1997 பிப்ரவரி 28, லாஸ் ஏஞ்சலஸ் நார்த் ஹாலிவுட்ல பேங்க் கொள்ளை அடிச்ச ரெண்டு பேர் உடம்பு பூரா கவசம் மாட்டிட்டு ஆட்டோமேட்டிக் ரைஃபிளால சுட்டாங்க, போலீஸ் கையில இருந்த பிஸ்டலும் ஷாட்கன்னும் அந்தக் கவசத்துல எடுபடல, கடைசியில பக்கத்துல இருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் வாங்கிட்டு வர்ற நிலைமை. அதுக்கப்புறம் பென்டகன்ல இருந்து 600 எம்16 லாஸ் ஏஞ்சலஸ் போலீசுக்குப் போச்சு. இந்தக் கதையை இன்ஸ்ட்ரக்டர் சொல்லும்போது அங்க யாரும் பேசல.

மாத்தாத ஒண்ணு, மாத்தின ஒண்ணு, ரெண்டையும் மேசைமேல பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. பழசு 39 இஞ்ச் நீளம், முக்கோண வடிவ கைப்பிடி உறை, மேல பிரிக்க முடியாத கேரி ஹேண்டில் (தூக்குற பிடி), ஸ்டாக்கை (தோள்ல வைக்கிற பின்பகுதி) குறைக்கவும் முடியாது. கார்ல உக்காந்துட்டு அதை வெளிய எடுக்கிறதுக்குள்ள கதவுல ரெண்டு இடத்துல இடிக்குது. புதுசுல மேல்பகுதி மொத்தமா வேற, 16 இஞ்ச் பேரல் (குழல்), சாமான் மாட்டுற தட்டையான ரெயில், ரெட் டாட் (குறி பார்க்க சிவப்புப் புள்ளி காட்டுற கண்ணாடி), நீட்டி சுருக்குற ஸ்டாக். குள்ளமா இருக்கிற பெண் ஆபீசர் ஒருத்தங்க ஸ்டாக்கை ரெண்டு க்ளிக் உள்ள தள்ளி தோள்ல வச்சாங்க, அச்சா பொருந்துச்சு. செலவைக் குறைக்கணும்னு சில இடத்துல கேரி ஹேண்டில் மேலயே ரெட் டாட்டை மாட்டிடுறாங்களாம், அது வேண்டவே வேண்டாம், கன்னம் ஸ்டாக்குல படியாது, தலையைத் தூக்கிட்டுத்தான் பார்க்கணும்.

பேரலை மாத்தினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழைய பேரல்ல தோட்டாவைச் சுழல வைக்கிற உள்வரி 12 இஞ்சுக்கு ஒரு சுத்து, 55 க்ரெயின் (தோட்டா எடைக்கான அளவு) தோட்டாவுக்கு அது போதும். அதைவிட கனமான, நீளமான தோட்டாவைப் போட்டா சுத்து பத்தாது, வேகம் குறைஞ்ச பம்பரம் மாதிரி தலை ஆட ஆரம்பிச்சிடும். பழைய ரைஃபிள்ல 77 க்ரெயின் சுட்டுக் காட்டினாங்க, பேப்பர்ல வட்டமா ஓட்டை விழாம தோட்டா பக்கவாட்டுல நுழைஞ்ச அச்சு அப்படியே சாவித்துவாரம் மாதிரி விழுந்துச்சு. தெருவுல அந்தத் தோட்டா எங்க போகும்னு யார் பொறுப்பு? வெளிய பளபளன்னு மாத்திட்டு பேரலை மட்டும் விட்டுட்டா அந்த வேலை வேஸ்ட்னு அடிச்சுச் சொல்வேன்.

அடுத்தது ஆட்டோ, அதாவது விசையை அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து சுடுறது. உள்ள விசைப் பாகங்களை மாத்திட்டாங்க, இப்போ ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டுதான். பக்கத்துல ஆட்டோனு பொறிச்ச எழுத்தும், யு.எஸ். அரசு சொத்துங்கிற முத்திரையும் இன்னும் அப்படியே இருக்கு. சொத்து நிஜமாவே அரசாங்கத்தோடதுதான், இவங்க விக்க முடியாது, வேண்டாம்னா திருப்பிக் குடுக்கணும், வருஷா வருஷம் சீரியல் நம்பர் வச்சு கணக்கு காட்டணும். கழட்டின பழைய பாகங்களை ஒவ்வொரு கவர்லயும் நம்பர் எழுதி அலமாரில அடுக்கி வச்சிருந்தாங்க, அந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

குறைனு பார்த்தா ரெண்டு. நான் எடுத்த ரைஃபிள்ல ரெட் டாட் மவுண்ட் லூஸ், 5 குண்டும் இடதுபக்கமா போச்சு, ஆபீசர் வந்து ஸ்க்ரூவை முடுக்கினதுக்கப்புறம்தான் நடுவுல விழுந்துச்சு. ரேஞ்சுல பரவாயில்லை, ராத்திரி 2 மணிக்கு ஒரு வீட்டு வாசல்ல இது நடந்தா? ஸ்க்ரூல பெயின்ட் கோடு போட்டு வச்சா லூஸ் ஆனது பார்த்த உடனே தெரிஞ்சிடும், அதைக்கூட செய்யல. இன்னொண்ணு, பாதி ரைஃபிள்ல லைட்டே இல்லை. இருட்டுல எதிர்ல நிக்கிறவன் கையில இருக்கிறது போனா துப்பாக்கியானு தெரியாம ரைஃபிளை நீட்டுறது எனக்கு சுத்தமா ஒத்துக்கல, ரெட் டாட்டுக்கு முன்னாடி லைட்டுக்குத்தான் காசு ஒதுக்கியிருக்கணும்.

போலீஸ் ராணுவமா மாறுதுங்கிற பயம் எனக்கும் உண்டு, 2014ல மிசோரி மாநிலத்து ஃபெர்குசன்ல போராட்டம் நடந்தப்ப தெருவுல போலீஸ் கவச வண்டி நின்னதை டிவில பார்த்தவன்தான் நானும். அடுத்த வருஷம் பயோனெட், கிரனேட் லாஞ்சர் எல்லாத்தையும் போலீசுக்குக் குடுக்கக் கூடாதுனு ஒபாமா அரசு தடை போட்டுச்சு, 2017ல ட்ரம்ப் அதை எடுத்துட்டாரு. அந்தத் தடை இருந்தப்பவும் இந்த மாதிரி ரைஃபிள் தடைப் பட்டியல்ல வரல, கட்டுப்பாட்டோட குடுக்கலாம்னுதான் இருந்துச்சு. ஆட்டோவை எடுத்துட்டு, பேரலை மாத்தி, கணக்கு சரியா வச்சிருக்கிற ஒரு ரைஃபிள் கார்ல பூட்டி இருக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

5க்கு 3.5 குடுக்கிறேன். எல்லா ரைஃபிள்லயும் லைட்டு மாட்டினா 4.5. அகாடமி முடியும்போது ஃபீட்பேக் தாள்லயும் லைட்டு, பெயின்ட் கோடு ரெண்டையும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன், இன்ஸ்ட்ரக்டர் வாங்கிப் படிச்சிட்டு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.