டீபக்கர் ஏன் நிற்கவில்லை: மூன்று டிக் பெட்டிகளும் பிடிபியும்

ஃப்ளாஸ்க் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) ஆப் ஒன்றை விஎஸ் கோட் எடிட்டரில் டீபக் செய்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கான ரூட் ஃபங்ஷனுக்குள் கீஎரர், அதாவது டிக்ஷனரியில் இல்லாத கீயைக் கேட்டதால் வரும் பிழை. பிரவுசரில் 500 பக்கம் வருகிறது, டெர்மினலில் டிரேஸ்பேக் (பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) கொட்டுகிறது, டீபக்கர் மட்டும் எங்கும் நிற்கவில்லை. எக்ஸ்டென்ஷனை அழித்து மறுபடி போடுவதற்கு முன்னால், பிரேக்பாயின்ட்ஸ் பகுதியில் எந்தப் பெட்டியில் டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

நாம் தொடாமலே டிக் ஆகியிருப்பது 'அன்காட் எக்ஸெப்ஷன்ஸ்'. நான் ட்ரை-எக்ஸெப்ட் போடாத பிழையெல்லாம் இதில் மாட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் யாருமே பிடிக்காத பிழைக்குத்தான் அது நிற்கும். உங்கள் பிழையை ஃப்ளாஸ்க் பிடித்து 500 பதிலாக மாற்றிவிடுகிறது. டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் பிடித்து 'ஃபெயில்டு' என்று குறித்துக்கொள்கிறது. வேலைகளைத் தனித் த்ரெட்களில் ஓட்டும் த்ரெட்பூல்எக்ஸிகியூட்டர் அதை ஃப்யூச்சருக்குள் (பின்னால் வரும் விடைக்கான பொருள்) பத்திரப்படுத்தி, நீங்கள் ரிசல்ட் கேட்கும்போதுதான் வெளியே விடுகிறது. தனியாக ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு இந்தப் பெட்டி போதும், ஃப்ரேம்வொர்க்குக்குள் ஓடும் கோடுக்குப் போதாது.

'ரெய்ஸ்ட் எக்ஸெப்ஷன்ஸ்' இதற்கு நேர் எதிர். பிழை கிளம்பிய கணத்திலேயே நிற்கும், பின்னால் யாராவது பிடிக்கப்போகிறார்களா என்று பார்க்காது. தொல்லையும் அதுதான். எண்ணாக மாற்றிப் பார்த்து, வேல்யூஎரர் வந்தால் வேறு வழியில் போவது பைத்தானில் சாதாரண எழுத்து முறை. அப்படி ஒரு வரி லூப்புக்குள் இருந்தால் தொடர்ந்து ஓடச் சொல்லும் எஃப்5 தட்டியே ஓய்ந்துவிடுவீர்கள். ஆனாலும் ஓர் இடத்தில் இதற்கு ஈடு கிடையாது. நான் முன்பு பராமரித்த ஒரு விலைக் கணக்கு கோடில், ஏதோ ஒரு ஃபங்ஷன் எல்லாப் பிழைகளையும் பிடித்து சுழியத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டிரேஸ்பேக் இல்லை, லாக் இல்லை, தொகை மட்டும் தப்பு. இந்த டிக்கைப் போட்டு ஒருமுறை ஓட்டியதும் டீபக்கர் நேராக அந்த வரியில் போய் நின்றது.

என்னைக் கேட்டால், வெப் ஆப்புக்கும் டெஸ்ட்டுக்கும் மூன்றாவதான 'யூசர் அன்காட் எக்ஸெப்ஷன்ஸ்'தான் சரி. பிழை உங்கள் கோடை விட்டு லைப்ரரி பக்கம் தாண்டும் இடத்தில் இது நிற்கும். ஃப்ளாஸ்க் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிடுகிறோம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எது 'உங்கள் கோடு' என்பதை டீபக்கர் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்கிறது. நீங்களே எழுதிய பேக்கேஜாக இருந்தாலும், பிப் வழியாக சைட்-பேக்கேஜஸுக்குள் (நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்) போய்விட்டால் அது லைப்ரரிதான். ஜஸ்ட்மைகோட் என்ற அமைப்பு ட்ரூவாக இருக்கும்வரை (முதலில் அப்படித்தான் இருக்கும்) அங்கே வைத்த பிரேக்பாயின்ட்டிலும் நிற்காது. டீபக் அமைப்புகள் இருக்கும் லான்ச் ஃபைலில் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பைசார்ம் எடிட்டரில் அன்காட், ரெய்ஸ்ட் என்ற இதே வேறுபாடு 'ஆன் டெர்மினேஷன்', 'ஆன் ரெய்ஸ்' என்ற பெயர்களில் இருக்கிறது.

சரி, எடிட்டரே இல்லாத சர்வரில்? பைத்தானோடு கூடவே வரும், டெர்மினலில் ஓடும் டீபக்கரான பிடிபி இருக்கிறது. '-எம் பிடிபி' என்று கொடுத்து ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள், முதல் வரியில் நிற்கும், தொடர்ந்து ஓட 'சி' தட்டுங்கள். பிடிபடாத பிழை வந்ததும் விழுந்த இடத்திலேயே ப்ராம்ப்ட் திறக்கும். 'யு' தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக (அதை அழைத்த ஃபங்ஷனுக்கு) மேலே ஏறி வேரியபிள்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து ஓட்டத்தைத் தொடர முடியாது, நடந்ததைப் பார்க்க மட்டும்தான். வேறு த்ரெட்டில் வெடித்த பிழைக்கு இப்படித் திறக்கவும் திறக்காது. பைடெஸ்ட்டுக்கு '--பிடிபி' என்று சேர்த்தால் ஃபெயில் ஆன இடத்திலேயே நிற்கும்.

எந்த டிக்கும் வேலை செய்யவில்லை, சாதாரண பிரேக்பாயின்ட்டிலும் நிற்கவில்லை என்றால் ப்ராசஸைப் பாருங்கள். கோடை மாற்றியதும் ஆப்பைத் தானாக மறுபடி தொடங்கும் ஃப்ளாஸ்க்கின் ரீலோடர் இன்னொரு ப்ராசஸைத் தொடங்கி அதில்தான் ஆப்பை ஓட்டுகிறது. டீபக்கர் தாய் ப்ராசஸில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கோடு அதன் கண்ணிலேயே படாது. '--நோ-ரீலோட்' கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றால், சிக்கல் பெட்டியில் இல்லை, ரீலோடரில்தான்.