சீனி, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, ஸ்டீவியா: சுகர்காரன் காபிக்கு எது?

சுகர் வந்து ஆறு வருஷம் ஆச்சு, மெட்ஃபார்மின், கிளிமிபிரைடுன்னு ரெண்டு சுகர் மாத்திரை ஓடுது, காபிய மட்டும் விட முடியல. எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டுக் குடிச்சுப் பாத்தவன்ங்கிற தகுதில சொல்றேன்.

சீனி கெட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுதான் அதோட ஒரே நல்ல குணமும், பயந்து பயந்து அரை ஸ்பூனோட நிறுத்திருவோம்.

நாட்டுச் சர்க்கரை அப்படி இல்ல. எங்கம்மா "இது ஒண்ணும் பண்ணாதுடா, மருந்தடிக்காதது"ன்னு ரெண்டு ஸ்பூன் குமிச்சுப் போடுவாங்க. இரும்பு கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்லல, அதுக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை போதுமே. மிச்சம் பெரும்பாலும் சீனில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். ஒரு நாள் சீனி, மறுநாள் நாட்டுச் சர்க்கரை, ரெண்டும் அதே அளவு போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாத்தேன், வித்தியாசம்னு வந்ததும் அந்த மிஷினே முன்னப்பின்ன காட்டுற அளவுக்குள்ளதான் இருந்துச்சு. ஆக ஸ்பூன் கணக்குல பாத்தா எனக்கு சீனிய விட ஆபத்தா இருந்தது இதுதான். தேனும் இதே கேஸ், ஒரு டீஸ்பூன்ல 6 கிராம் சுகர் வந்துரும்.

கருப்பட்டிக்கு மட்டும் மனசு இளகும். உடன்குடி கருப்பட்டி போட்ட சுக்குக் காபி ருசிக்கு முன்னாடி எதுவும் நிக்காது. பால் ஊத்தினா திரிஞ்சு போகும்னு வரக்காபியாவே குடிப்போம், அதுல ஒரு லாபம், 100 மில்லி பால்ல இருக்கிற கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, மிச்சம். ஆனா கடைல விக்கிறதுல சீனிப்பாகு கலந்ததும் உண்டு, கலக்காததா இருந்தாலும் அதுவும் சர்க்கரைதானே.

மீட்டர் அசையாம இருந்தது ஸ்டீவியா (ஒரு செடியோட இலைல இருந்து எடுக்கிற இனிப்பு), சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பு) ரெண்டுக்கும்தான். சுக்ரலோஸ் சீனிய விட 600 மடங்கு இனிப்பு, அதனால துளியூண்டு போதும், அந்தத் துளிய வச்சு பாக்கெட் ரொம்பாதுன்னு டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்னு சுகர ஏத்துற ஏதாவது கலப்பாங்க, அதனால நான் சொட்டு பாட்டில்தான் வாங்குறது. ஸ்டீவியா அதிமதுரம் மென்ன மாதிரி நாக்குல ஒட்டிக்கிட்டே கிடக்கும், எனக்கு ஒத்துவரல. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் இதெல்லாம் வேணாம்னு சொன்னதா வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அது எடை குறைக்கறதுக்காக இதப் போடாதீங்கன்னு சொன்னது, ஏற்கனவே சுகர் இருக்கவங்கள அதுல சேக்கல. அதுக்காக சுகர் ஃப்ரீ பிஸ்கட்ட அள்ளிராதீங்க, உள்ள இருக்கிறது மைதா.

என் கணக்குல சுக்ரலோஸ் சொட்டு முதல், மாசத்துக்கு ரெண்டு தடவ கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை கடைசி.

ஆனா போன ஐப்பசில ஒரு நாள் மாத்திரையப் போட்டுட்டு சாப்பிட லேட்டாகி, கை நடுங்கி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, குத்திப் பாத்தா சுகர் 58க்கு இறங்கிருச்சு. வீட்ல பதறிப்போய் காபி கலந்து கொண்டாந்தாங்க, பழக்க தோஷத்துல அந்தச் சொட்டையே விட்டு! அதுல குளுக்கோஸ் ஏது, குடிச்சும் ஒண்ணும் ஏறல. அம்மாதான் சீனி டப்பாவத் தூக்கிட்டு வந்து மூணு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுத்தாங்க, கால் மணி நேரத்துல நடுக்கம் நின்னுச்சு. அந்த டப்பாவ இப்போ அடுப்பு மேடைலயே வச்சுருக்கோம்.