சூப்பர்டார்ன் மின்புல வரைபடம்: துருவ ஒளி தேடுபவர்களுக்கு எந்த அளவு உதவும்?

இன்றிரவு துருவ ஒளி தெரியுமா என்று பார்க்க, சூப்பர்டார்ன் என்ற ரேடார் வலையமைப்பின் இந்த வரைபடத்தைத் திறந்தால் ஏமாற்றம்தான். ஆனால் அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட மேல் அடுக்கில்) மின்புலம் எப்படிப் பரவியிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், இலவசமாகக் கிடைப்பதில் இதற்கு இணை குறைவு.

இரு துருவங்களைச் சுற்றியும் முப்பதுக்கு மேற்பட்ட ரேடார்கள் 8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளை அனுப்புகின்றன. அயனி மண்டலத்தில் உள்ள பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களின் திரள், நகரும் வேகம் எதிரொலியின் டாப்ளர் மாற்றத்தில் (அலைவெண் மாற்றத்தில்) தெரிந்துவிடும். வேகத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கினால் மின்புலம்: விநாடிக்கு 1000 மீட்டர், 50,000 நானோடெஸ்லா என்றால் மீட்டருக்கு 50 மில்லிவோல்ட். கணக்கு அவ்வளவுதான்.

படத்தின் உச்சியில் காந்த நண்பகல் (சூரியனை நோக்கிய பக்கம்), அடியில் நள்ளிரவு. பிளாஸ்மா ஓட்டம் விடியல் பக்கம் ஒரு சுழல், அந்திப் பக்கம் ஒரு சுழல் எனத் தெரியும். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியதும் இரண்டும் பெருத்துத் தாழ்ந்த அட்சரேகைக்கு இறங்கும்; துருவ ஒளி வளையமும் கூடவே இறங்கும். இந்த எல்லை நகர்வைக் காட்டுவதில்தான் சேவையின் உண்மையான பலன் இருக்கிறது.

வண்ணக் கோடுகளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முதலில் அளவீட்டுப் புள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். எதிரொலி வராத இடத்தைப் பழைய தரவுகளிலிருந்து உருவான சராசரி மாதிரிதான் நிரப்புகிறது. புள்ளி குறைந்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த மாதிரியைத்தான். கோடுகள் மட்டும் வழக்கம்போல வழவழப்பாகவே இருக்கும்! பலத்த காந்தப் புயலின்போதுதான் இந்தத் தொல்லை அதிகம். கொட்டும் துகள்கள் கீழ் அடுக்கில் அயனிகளைப் பெருக்க, ரேடார் அலை உறிஞ்சப்பட்டு எதிரொலியே காணாமல் போகும். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி இன்னொரு சிக்கல்: கிட்டத்தட்ட சுழிய வேகம் காட்டும் அதை வடிகட்டும்போது, மெதுவாக நகரும் அசல் பிளாஸ்மாவும் சில நேரம் சேர்ந்து போய்விடுகிறது.

மின்புலம் வலுத்த இடத்தில் ஒளியும் பளிச்சென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. பிரகாசமான ஒளிக்கீற்றுக்குள் மின்கடத்துத்திறன் ஏறுவதால் புலம் தணிந்து, கீற்றை ஒட்டிய இருட்டில் உயரும். ஒரு கீற்று சில நேரம் சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. ரேடாரின் ஒரு அளவீட்டுக் கட்டமோ வழக்கமாக 45 கிலோமீட்டர் நீளம். தவிர, ஒளியூட்டும் எலக்ட்ரான்களை முடுக்குவது பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் காந்தக்கோட்டின் திசையிலேயே அமைந்த வேறொரு மின்புலம். அது இந்த வரைபடத்தில் வராது.

ஒளி தேடிக் கிளம்புபவர்கள் தரைக் காந்தமானிப் பதிவையும் முழுவான் கேமராவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.