மூன்று சொல்லுக்கும் ஒரே 'உண்மையில்'தானா?

மொழிபெயர்ப்புப் பிரதியைத் திருத்த உட்கார்ந்தால் என் பேனா முதலில் தேடுவது 'உண்மையில்' என்ற சொல்லைத்தான். ஒரே பக்கத்தில் அது ஐந்து முறை வந்தால், ஆங்கில மூலத்தில் இண்டீட், ஆக்சுவலி, ரியலி மூன்றும் நடமாடுகின்றன என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இண்டீட் ஆமோதிக்கும் சொல். முன்பு 'இன் டீட்' என்று பிரிந்திருந்தது. 'செயலில்' என்று பொருள். மழை வரும் என்றார்கள், வந்தது: 'இட் டிட் இண்டீட் ரெயின்'. தமிழில் 'மழை பெய்யத்தான் செய்தது'. அந்த ஒரு 'தான்' போதும். 'உண்மையில் மழை பெய்தது' என்று எழுதினால், பெய்யவில்லை என்று யாரோ சாதித்ததுபோல் ஆகிவிடுகிறது.

அப்படி மறுத்துத் திருத்துவது ஆக்சுவலியின் வேலை. "உங்களுக்கு மதுரையா?" "ஆக்சுவலி, திண்டுக்கல்." இதற்கு 'இல்லை, திண்டுக்கல்' என்றாலே சரி. நம்மவர்கள் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் போடும் ஆக்சுவலிக்கோ தொண்டையைச் செருமுவதைத் தாண்டிப் பொருள் கிடையாது, தயங்காமல் வெட்டிவிடுவேன்.

அதிகம் தடுக்கி விழுவது ரியலியில். அது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் புரண்டுவிடும். 'ஐ ரியலி டோன்ட் நோ' என்றால் 'சத்தியமாக எனக்குத் தெரியாது'. 'ஐ டோன்ட் ரியலி நோ' என்றால் 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை'. முன்னவர் கையை விரிக்கிறார். பின்னவருக்கு ஏதோ அரைகுறையாகத் தெரியும். இரண்டையும் 'உண்மையில் எனக்குத் தெரியாது' என்று எழுதிய ஒரு துப்பறியும் கதைப் பிரதியில், துப்பறிவாளர் யாரைச் சந்தேகிக்கிறார் என்பதே விளங்காமல் போயிற்று.

எல்லா இண்டீடுக்கும் 'தான்' பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், லூக்கா 24:34-இல் கர்த்தர் உயிர்த்தெழுந்த செய்தியோடு ஓர் இண்டீட் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அது 'மெய்யாகவே'. நம்பத் தயங்கியவர்களிடம் சொல்லும் செய்திக்கு அந்தக் கனம் வேண்டும்.

கேள்வியாக வரும்போது சிக்கலே இல்லை. 'ரியலி?' என்பது 'நிஜமாகவா?'. புருவத்தை உயர்த்திக் கேட்கும் 'இண்டீட்?' என்பதற்கு, 'ஓகோ, அப்படியா சங்கதி!'