கடித நட்பு மையம்: முகவரிப் பட்டியலா, எண் வழியா?

ஒரு மேஜை, ஒரு நீள நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். தனியாக இருப்பவர்களைத் தபால் மூலம் அறிமுகப்படுத்தும் தொழிலை வீட்டிலிருந்தே தொடங்க இவ்வளவு போதும். எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில்தான் வழி மூன்றாகப் பிரிகிறது. ஒன்று, வரன் பார்த்துத் தரும் தகவல் மையம். அடுத்தது, உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டு மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்பிவிடும் பட்டியல் முறை. மூன்றாவது, முகவரியை நாமே வைத்துக்கொண்டு ஆளுக்கொரு எண் கொடுத்து, கடிதங்களைக் கைமாற்றிவிடும் எண் வழி. எங்கள் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

வரன் மையத்தைப் பற்றிச் சுருக்கமாக. மதுரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஜாதக நகல், சாதி உட்பிரிவு, தரகர் பங்கு, 'முடிந்தால் இவ்வளவு' என்று வாய்ப்பேச்சில் விட்டதால் பின்னால் வரும் சண்டை எல்லாம் தெரிந்த கதை. பணம் அதில்தான் அதிகம் புரளும், மறுக்கவில்லை. ஆனால் 55 வயதைத் தாண்டித் தனியாக இருக்கிற பலருக்குத் தேவை பேச்சுத்துணை, கல்யாணம் இல்லை. அதற்கு வெறும் கணக்குக் காரணமும் உண்டு: மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெண், பிள்ளைகள் உள்ளவராக இருந்து மறுமணம் செய்துகொண்டால், அவருக்கு வரும் ஓய்வூதியம் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் வரன் மையத்தின் படியேற மாட்டார். கடித நட்பு மையத்துக்கு வருவார்.

இனிப் போட்டி பட்டியலுக்கும் எண் வழிக்கும்தான்.

பட்டியல் நடத்துவது சுலபம். ஏ4 தாள் இரண்டை இருபுறமும் நகலெடுத்து நடுவில் மடித்துப் பின் அடித்தால் 8 பக்கச் சிறு இதழ். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாள் 10 கிராம், கவர் ஒரு 4, 5 கிராம். 20 கிராமுக்குள் அடங்குவதால் 5 ரூபாய் தபால்தலை போதும். மூன்றாவது தாளைச் செருகினால் பின்னும் பசையும் சேர்ந்து 20ஐத் தாண்டிவிடும், கட்டணம் 10 ரூபாய். கவனிக்காமல் 5 ரூபாயே ஒட்டி அனுப்பினால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை உறுப்பினரிடம் வசூலிப்பார்கள். நட்பு தேடி வந்தவர் வாசலில் நின்று தபால்காரருக்குக் காசு கொடுப்பார், மறுநாள் நமக்கு வசவுக் கடிதம் போடுவார். நகல் ஏ4 பக்கத்துக்கு 1 ரூபாயாக நான்கு பக்கத்துக்கு 4 ரூபாய், கவர் 1 ரூபாய், தபால்தலை 5 ரூபாய் என்று வைத்தால் ஒரு பிரதி 10 ரூபாய். 60 பேருக்கு மாதம் 600, வருடம் 7,200.

செலவைவிடப் பெரிய குறை, பட்டியல் சீக்கிரம் செத்துப்போகும் என்பது. முகவரியைக் கொடுத்த நிமிடத்திலிருந்து யார் யாருக்கு எழுதினார், பதில் வந்ததா என்று நமக்கு எதுவும் தெரியாது. ஊர் மாறியவர், மகனோடு போய்விட்டவர், எழுத மனமில்லாதவர் எல்லோரும் அச்சில் மட்டும் உயிரோடு இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் ஐந்து பேருக்கு எழுதி ஒருவரிடமிருந்தும் பதில் வராவிட்டால் ஆறாவது கடிதம் எழுத மாட்டார், சந்தாவையும் புதுப்பிக்க மாட்டார். இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கும். பெண் பெயர் ஒன்று அச்சில் வந்தால் ஒரே வாரத்தில் இருபது கடிதம் போய் விழும். அவர் பயந்து ஒதுங்கிவிடுவார். பட்டியல் நடத்துபவருக்கு இரண்டுமே தெரியவராது.

எண் வழியிலும் சிறு இதழ் உண்டு, ஆனால் அதில் எண்ணும் மூன்று வரி அறிமுகமும்தான் இருக்கும், முகவரி இருக்காது. அதனால் ஒவ்வொரு கடிதமும் நம் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதில் கைகொடுப்பது இன்லேண்ட் லெட்டர். விலை 2.50, கட்டணம் அதிலேயே அடக்கம். உறுப்பினர் எழுதி, மடித்து, ஒட்டி, பெறுநர் முகவரிப் பகுதியைக் காலியாக விட்டு, மூலையில் பென்சிலால் '17லிருந்து 42க்கு' என்று எழுத வேண்டும். அதை 5 ரூபாய் கவரில் வைத்து நமக்கு அனுப்பினால், நாம் 42ன் முகவரியை எழுதி, பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பெட்டியில் போடுகிறோம். எழுதியவருக்கு ஆகும் செலவு 7.50. இன்லேண்டுக்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது தபால் விதி. அதனாலேயே முதல் கடிதத்தில் போட்டோவும் பணமும் கைமாறாமல் தப்பிக்கிறோம்.

அனுப்புநர் கட்டத்தில்தான் எல்லோரும் தவறுவார்கள். பழக்க தோஷத்தில் சொந்த முகவரியை எழுதிவிடுவார்கள். அப்புறம் எண் எதற்கு? சேரும்போதே 10 இன்லேண்டுகளை நம் முகவரி முத்திரையிட்டு விற்றுவிடுவது நல்லது. கிளை அஞ்சலகங்களில் பல நேரம் கையிருப்பு இருக்காது என்பதால் 625001 தலைமை அஞ்சலகத்திலோ தல்லாகுளத்திலோ மொத்தமாக வாங்கி வைக்கலாம். வீட்டு முகவரியைப் போடாமல் போஸ்ட் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தனிமையில் இருப்பவர் தேடிவந்து கதவைத் தட்டினால் திருப்பி அனுப்ப மனம் வராது.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் இந்த முத்திரையில்தான் இருக்கிறது. பட்டுவாடா ஆகாத கடிதம் அனுப்புநரிடமே திரும்பும், அனுப்புநர் நாம். 'இடம் மாறிவிட்டார்', 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியுள்ளது' என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு நம்மிடமே வரும். பட்டியல் முறையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத தகவல் இது. நோட்டில் நான்கு பத்தி போதும்: வந்த தேதி, யாரிடமிருந்து, யாருக்கு, அனுப்பிய நாள். 21 நாள் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். 45 நாள் ஆனால் அந்த எண் 'ஓய்வு' என்று குறிக்கப்பட்டு அடுத்த இதழில் வராது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று புதுக் கடிதத்துக்கு மேல் விடாமல் மீதியை நிறுத்தி வைக்கலாம், எழுதியவருக்கும் அதைச் சொல்லிவிடலாம்.

நினைவூட்டலை 50 பைசா அஞ்சலட்டையில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அட்டை வீடு சேர்வதற்குள் நாலு பேர் படித்திருப்பார்கள். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு 'உங்கள் நண்பர் பதிலுக்குக் காத்திருக்கிறார்' என்று திறந்த அட்டை போனால் அந்தத் தெருவில் அவர் பாடு என்னாகும்? கவரின் மேல் மையத்தின் பெயரையும் அச்சிடாதீர்கள், எண்ணும் பெட்டி முகவரியும் போதும்.

எண் வழியின் செலவு: எண்ணும் மூன்று வரி அறிமுகமும் கொண்ட சிறு இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 60 பேருக்கு வருடம் 2,400. இன்லேண்டில் நினைவூட்டல் மாதம் 15 என்றால் வருடம் 450. இரண்டும் சேர்ந்து 2,850, மேலே பெட்டி வாடகை. ஆளுக்கு 300 ரூபாய் சந்தா வைத்தால் வரவு 18,000. உழைப்பு மட்டும் கூடுதல்: மாதம் 120 கடிதம், ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 4 மணி நேரம். இது 60 பேர் கணக்கு. இருநூறு பேர் என்றாகிவிட்டால் ஒரு ஆள் கையால் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடிதம் இரண்டு முறை தபாலில் பயணிப்பதால் தாமதம் உண்டு. முகவரி எழுதுவது நாம், பிழையும் நம் தலையில். மாசி வீதி என்று மட்டும் எழுதினால் மதுரையில் அது கீழமாசியா, மேலமாசியா? பழைய எண், புது எண் இரண்டையும் படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்பதானால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதும். பதிவேட்டை நோட்டோடு நிறுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கானது. காகிதத்தில் மட்டும் இருப்பது அதற்குள் வராது, எக்செல்லில் ஏற்றினால் வந்துவிடும்.

வயதானவர்கள் மத்தியில் நடத்தும் மையத்துக்கு ஒரு நாள் 'இறந்துவிட்டார்' என்ற குறிப்போடு இன்லேண்ட் ஒன்று திரும்பி வரும். நோட்டைத் திறந்து அந்த எண்ணோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் கையால் இரண்டு வரி எழுதி, வழியில் நின்றுபோன அவர்களுடைய கடிதத்தைப் பிரிக்காமல் கூடவே வைத்து, கவரில் அனுப்புங்கள்.