தலைவர் இல்லாத விளையாட்டுக் குழு: மூன்று ஏற்பாடுகள்

திருகோணமலையில் இணைய விளையாட்டுக்காகக் கூடும் இளைஞர் குழுக்களுக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன: ஒருவரே நடத்துவது, ஊர் விளையாட்டுக் கழகங்களைப் போல் நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்வது, நிரந்தர அதிகாரத்தை எவரிடமும் கொடுக்காமல் அரசின்மைவாத முறையில் இயங்குவது.

ஒருவர் நடத்தும் முறையின் பலம் விரைவு. நால்வர் கொண்ட பப்ஜி அணியில், ஆட்டத்தின் பாதுகாப்பு வட்டம் சுருங்கும்போது கலந்தாலோசிக்க நேரமிருக்காது. எனினும் அந்த அதிகாரம் அந்த ஆட்டத்தோடு முடிந்து, அடுத்த ஆட்டத்தில் வேறொருவரிடம் செல்லலாம் என்பதால், அரசின்மைவாதிகளுக்கும் இதில் மறுப்பு இருக்க வேண்டியதில்லை. கழக முறை எனக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. வாக்கெடுப்பில் தோற்றவர்கள் பேசாமல் விளையாட வராதிருந்துவிடுவார்கள். பணமே சேராத குழுவுக்குப் பொருளாளர் எதற்கு என்பதும் விளங்கவில்லை.

மூன்றாவது முறையின் உண்மையான சிக்கல் மென்பொருளில்தான் இருக்கிறது. கரைவலையை எல்லாரும் சேர்ந்து இழுத்தாலும் வலை அதன் முதலாளியான சம்மாட்டியுடையதாக இருப்பதைப் போல, விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலியில் ஒரு குழுவுக்கான சர்வர் எத்தனை பேர் கூடிப் பேசும் இடமாக இருந்தாலும் ஒரே ஒரு கணக்குக்கே உரியது. அதை முற்றாக அழிக்கும் உரிமை அந்தக் கணக்குக்கு மட்டுமே உண்டு. மேலும், ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் வெளியேற்றுபவரின் பதவிநிலை அவருடையதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும். ஆகவே அனைவருக்கும் ஒரே நிலையை வழங்கினால், தொல்லை தருபவரை உரிமையாளரைத் தவிர வேறு எவராலும் வெளியேற்ற முடியாது.

கட்டைகளால் உலகம் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் நிலைமை வேறு. ஆட்டத்தை எல்லாருக்கும் வழங்கும் சர்வரைத் தம் கணினியில் இயக்குபவரிடம் அதிகாரம் குவிவது அங்கும் உண்மைதான். 2022இல் கண்டதைப் போன்ற நீண்ட மின்வெட்டு வந்தால் அவர் வீட்டுக் கணினியோடு எல்லாருடைய உலகமும் நின்றுவிடும். ஆனால் அந்த உலகம் பிரதியெடுக்கக்கூடிய ஒரு கோப்புறை. ஒவ்வொரு வாரமும் அதன் பிரதியை எல்லாருக்கும் வழங்கினால், உடன்படாதவர்கள் தாங்கள் கட்டியவற்றை இழக்காமல் பிரிந்து சென்று வேறொரு கணினியில் தொடரலாம். விலகுவதற்கு இழப்பில்லாத இடத்தில்தான் தலைவரில்லாத ஏற்பாடு நிலைக்கும் என்பது என் கணிப்பு.

நிர்வாகிகள் ஒதுங்கிக்கொள்வதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. எழுத்தாலான மெய்நிகர் உலகமான லாம்டாமூவில், சமூகப் பிணக்குகளில் இனித் தலையிடுவதில்லை என்று அதை நடத்திய பவெல் கர்டிஸ் 1992இல் அறிவித்தார். மறு ஆண்டில் ஒரு பாத்திரத்தின் பாலியல் வன்முறையை அடுத்து, ஒரு நிர்வாகி தனித்து முடிவெடுத்து அந்தக் கணக்கை நீக்கினார். பின்னர் மனுவும் வாக்கெடுப்பும் நடைமுறைக்கு வந்தன. 1996இல் நிர்வாகிகள் அதிகாரத்தை மீண்டும் தம்மிடமே எடுத்துக்கொண்டனர்.

ஒருமித்த முடிவு என்பதும் எப்போதும் இணைப்பில் இருப்பவர்களுக்கே சாதகமாக அமைந்துவிடும். உவர்மலையில் வைஃபை உள்ளவர் இரவு முழுவதும் வாதிடலாம். கிண்ணியாவிலிருந்து கைப்பேசி டேட்டாவில் வருபவருக்கு அது முடியாது. எனவே முடிவுகளைக் குரல் உரையாடலில் எடுக்காமல், எழுத்தில் முன்வைத்து இரண்டு நாள் காத்திருப்பது நியாயமானது. தொல்லைப் புகார்கள் மட்டும் காத்திருக்க முடியாதவை. அவற்றுக்காக, உயர்ந்த பதவிநிலை கொண்ட ஒரு தானியங்கி நிரலை (bot) டிஸ்கோர்டில் அமைத்து, இருவர் கேட்டால் குற்றஞ்சாட்டப்பட்டவரை அது ஒரு நாளுக்கு முடக்குமாறு செய்யலாம். நிரந்தர வெளியேற்றத்தைப் பிணக்கில் தொடர்புடையோர் நீங்கலாக மற்றவர்கள் முடிவுசெய்யலாம். அந்த நிரலை இயக்குபவரும் சர்வரின் உரிமையாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.