அங்கன்வாடிப் பெற்றோர் கூட்டம்: உயரப் பலகை சொல்லும் செய்தி

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில், சிறு குழந்தைகளின் வளர்ச்சி குன்றாமல் காப்பது பற்றிப் பெற்றோருக்காக நடந்த கூட்டத்துக்குப் பேத்தியுடன் சென்றிருந்தேன். கட்டணமில்லாத சேவை என்பதால் குறைத்து மதிப்பிட வேண்டாம். நகரத்தில் பணம் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கூட எடையோடு நிறுத்திக்கொண்டார்.

இங்கே பேச்சுக்கு முன்பே அளவெடுக்கிறார்கள். இரண்டு வயது நிரம்பாத பிள்ளையைப் பலகையில் படுக்கவைத்தே நீளம் பார்க்கிறார்கள். நிற்கவைத்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைந்துவிடும். மெலிந்த குழந்தை எல்லார் கண்ணிலும் படும், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தையோ கொழுகொழுவென்று இருந்து ஏமாற்றிவிடும். "எங்க வம்சமே குட்டைதான் டீச்சர்" என்றார் ஓர் ஆச்சி. குழந்தையின் அளவைப் புள்ளியாகக் குறிக்கும் வளர்ச்சி வரைபடம், இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது என்றும், நல்ல உணவும் நோயற்ற சூழலும் அமைந்தால் முதல் ஐந்தாண்டுகளில் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே சீராக வளரும் என்றும் பணியாளர் பொறுமையாக விளக்கினார். தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நால்வரில் ஒருவர் இப்படிக் குன்றியிருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, வம்சத்தின் மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது.

உணவுப் பகுதியும் நம் அடுப்படியை விட்டு விலகவில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் குழைத்த பருப்புச்சோறு, முட்டை, முருங்கைக்கீரை, முள் நீக்கிய மீன். டீயில் நனைத்த பன்னைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டித் தரும் நம் வீடுகளில், ஒரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏனோ டீயும் பன்னும்தான். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் வளர்ச்சியைத் தின்றுவிடும் என்பதையும், கைகழுவுவதையும், குடற்புழு மாத்திரையையும் அவசரமாகச் சொல்லிக் கடந்துவிட்டார்கள். இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

நேரம்தான் பெரிய குறை. முற்பகலில் வைத்தால், பீடி சுற்றும் தாய்மார்கள் வேலையை விட்டுவிட்டு வர இயலாது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆச்சிகள், அப்பாக்கள் ஒருவருமில்லை. வளர்ச்சிக்கு முக்கியமான, இரண்டு வயது வரையிலான முதல் ஆயிரம் நாட்களின் கணக்கு கருவிலேயே தொடங்குகிறது என்று சொன்னவர்கள், கர்ப்பிணிகளை அழைக்காததும் பொருத்தமாக இல்லை.

இத்தனைக்கும் பிறகு, மூன்று வயதுக்குள் பிள்ளை உள்ளவர்கள் அவசியம் போகலாம் என்பதே என் கருத்து. தாய் சேய் நல அட்டையை எடுத்துச் செல்லுங்கள்; பிறந்த தேதி சரியாகத் தெரிந்தால்தான் வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில் விழும்.